தண்ணீர்ப் பந்தலில் போத்தலா, டின்னா? கொஞ்சம் பழைய கதை

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பற்றிப் பேசும்போது, இந்த முறை பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், டின் பானம் கொடுக்கலாம், அதுதான் உடம்புக்கும் பூமிக்கும் நல்லது என்று சில பேர் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனா ரெண்டும் எப்படி வந்தது என்று தெரிஞ்சுகிட்டு முடிவு பண்ணலாமே.

நம்ம பக்கம் முதலில் வந்தது கண்ணாடிப் போத்தல். 1883-ல் ஜான் பிரேசர், டேவிட் நீவ் என்ற ரெண்டு பேர் சிங்கப்பூரில் சோடா கம்பெனி ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய எஃப் அண்ட் என். காலிப் போத்தலைக் கடையில் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும், என் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்துக் கோயில்களில் போத்தலே கிடையாது. அண்டாவில் மோர், பானகம். குடிக்க எவர்சில்வர் டம்ளர். அவ்வளவுதான்.

அலுமினிய டின் 1959-ல் அமெரிக்காவில் கூர்ஸ் பீர் கம்பெனி கொண்டு வந்தது. அப்புறம் வந்த டின்களில் வளையத்தைப் பிய்த்துக் கீழே எறிவார்கள், காலைக் கிழிக்கும். 1975-க்குப் பிறகுதான் டின்னிலேயே ஒட்டியிருக்கும் மூடி வந்தது. வெறுங்காலில் காவடி எடுப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

பிளாஸ்டிக் போத்தலின் சரக்கு 1941-ல் இங்கிலாந்தில் துணிக்காகக் கண்டுபிடித்தது. நாம போடுற பாலியஸ்டர் சட்டையும் அதேதான். 1973-ல் நதானியல் வைத் அதில் போத்தல் செய்யக் காப்புரிமை வாங்கினார். உடையாது, கனமில்லை, மலிவு. திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அதோடு குறைஞ்சு போச்சு.

இப்போ உடம்புக்கு வருவோம். டின்னுக்கு உள்ளேயும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. இல்லாவிட்டால் பானத்தின் புளிப்பு உலோகத்தை அரிச்சிடும். அந்தப் பூச்சில் நெடுங்காலம் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் இருந்தது. 2024 கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொதிகளில் அதைத் தடை செய்ய முடிவெடுத்தது. போத்தலும் லேசுப்பட்டதில்லை. அதே 2024-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் விற்ற போத்தல் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரி 2 லட்சத்து 40 ஆயிரம் பிளாஸ்டிக் துகள்களை எண்ணினார்கள். உடம்பில் அது என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. ஆனா வெயிலில் அடுக்கி வைத்தால் போத்தலிலிருந்து ரசாயனம் அதிகமாகக் கசியும். பந்தலில் நாம் செய்வது அதைத்தானே?

பூமிக்கு? அலுமினியம் பாக்சைட் மண்ணிலிருந்து வருது. குவாந்தானில் 2015-ல் அந்த மண்ணைத் தோண்டியபோது ரோடு, ஆறு, கடல் எல்லாம் சிவந்து போய், 2016 ஜனவரியில் அரசாங்கமே நிறுத்தி வைத்தது. ஆனா பழைய டின்னை உருக்கினால், மண்ணிலிருந்து எடுப்பதில் 20-ல் ஒரு பங்கு சக்தி போதும். எங்க தொழிற்சாலையிலும் ஸ்கிராப் வாங்குபவர் முதலில் கேட்பது அலுமினியத்தைத்தான். குப்பை மேட்டுக்குப் போய்ட்டால் அந்த லாபமும் போச்சு.

ரெண்டில் ஒன்று என்றால் நான் டின் பக்கம், தனித் தொட்டி வைத்துச் சேர்ப்பதாக இருந்தால் மட்டும். என்னைக் கேட்டால் அண்டாவும் டம்ளரும்தான். அதற்குக் கழுவ ஆள் வேணும். காலை 6 மணி முதல் மாறி மாறி நிற்க வரக்கூடியவர்கள் கீழே பெயர் போடுங்கள்.