தேயிலைப் பெட்டியின் சாவி

உங்கள் வீட்டில் டீத்தூள் டப்பாவுக்குப் பூட்டு போடும் வழக்கம் உண்டா?

சிரிக்காதீர்கள். சுமார் முன்னூறு வருஷங்களுக்கு முன்னால் லண்டனில் வசதியான வீடுகளில் அதுதான் நடைமுறை. நகைப்பெட்டி மாதிரி அழகான மரப்பெட்டி. உள்ளே தனித்தனி அறைகள். ஒன்றில் பச்சைத் தேயிலை, இன்னொன்றில் கறுப்புத் தேயிலை. வெளியே பூட்டு. சாவி எஜமானியிடம். விருந்தாளி வந்தால் அவரே திறப்பார், அவரே அளந்து போடுவார், அவரே ஊற்றிக் கொடுப்பார். வேலைக்காரப் பெண் வெந்நீர் கொண்டுவந்து வைக்கலாம். இலையைத் தொடக்கூடாது.

ஏன் இத்தனை பந்தோபஸ்து? விலை அப்படி. 1660 வாக்கில் லண்டன் வியாபாரி தாமஸ் கார்வே ஒரு விளம்பரம் வெளியிட்டார். ஒரு பவுண்டு தேயிலை 16 ஷில்லிங் முதல் 50 ஷில்லிங் வரை. நாள் முழுக்க உழைத்தால் கூலியாளுக்கு ஒரு ஷில்லிங் கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

1662ல் மன்னர் இரண்டாம் சார்லஸ், போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரினைக் கல்யாணம் செய்துகொண்டார். சீதனமாக வந்தவற்றில் நம் பம்பாயும் உண்டு. கூடவே இளவரசியின் டீ குடிக்கும் பழக்கமும் வந்தது. அப்புறம் கேட்கவேண்டுமா? ராணி குடித்தால் சீமாட்டி குடிப்பார். சீமாட்டி குடித்தால் வியாபாரி வீட்டம்மாவுக்கும் குடித்தாக வேண்டும்.

ஆனால் அன்றைக்கு டீ விற்ற இடங்கள் காபிக்கடைகள். அவை ஆண்களின் ராஜ்ஜியம். 1706ல் அப்படியொரு கடையை ஆரம்பித்த தாமஸ் ட்வைனிங் கெட்டிக்காரர். 1717ல் தேயிலையை எடைபோட்டு விற்கத் தனிக்கடை திறந்தார். பெண்கள் தைரியமாக வந்து வாங்கிப் போனார்கள். வீட்டுப் பெட்டி நிறைந்தது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? வரி மேல் வரி. 1784ல் அது 119 சதவிகிதத்தில் நின்றது. நூறு ரூபாய் சரக்குக்கு நூற்றுப் பத்தொன்பது ரூபாய் வரி. வணிகவியல் படித்தவர்களுக்கு இதன் விடை தெரியும்: கடத்தல். ராத்திரியில் கடலோரத்தில் படகுகள் ஒதுங்கின. சரக்கு ஊர் ஊராகப் போனது. வாங்கியவர்கள் யார்? எல்லோரும்தான். ஜேம்ஸ் வுட்ஃபோர்ட் என்ற கிராமத்துப் பாதிரியார், கடத்தல்காரரிடம் தேயிலை வாங்கியதைத் தன் டைரியில் சாவதானமாகக் குறித்து வைத்திருக்கிறார்.

கடத்தலைவிடக் கொடுமை கலப்படம். மர இலைகளைக் காயவைத்து, ஆட்டுச் சாணத்தில் ஊறவைத்து, தேயிலையோடு கலந்தார்கள். பெரிய வீடுகளில் ஒருமுறை கொதித்த இலையைக்கூட வேலைக்காரர்கள் காயவைத்து விற்றுக் காசு பார்த்தார்கள். ஏழைக்குக் கிடைத்த டீ பல சமயம் இதுதான்.

அதையும் பொறுக்க முடியவில்லை சிலருக்கு. 1756ல் ஜோனாஸ் ஹான்வே என்ற கனவான், டீயைத் திட்டி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். உடம்பு கெடும், தேசத்தின் பணம் கரையும், எல்லாவற்றுக்கும் மேலாக உழைக்கும் ஜனங்களுக்கு இந்தச் சொகுசு எதற்கு என்பது அவர் வாதம். லண்டன் தெருவில் முதன்முதலில் குடை பிடித்து நடந்த ஆண்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியவர் இவர். தனக்குக் குடை வேண்டும், அடுத்தவனுக்கு டீ கூடாது! அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் அவருக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்தார். ஜான்சன் ஓயாமல் டீ குடிப்பவர் ஆயிற்றே.

கடைசியில் வென்றது ஹான்வே அல்ல, கணக்குதான். 1784ல் பிரதமர் வில்லியம் பிட், வரியை 119லிருந்து ஒரே அடியாகப் பன்னிரண்டரை சதவிகிதத்துக்கு இறக்கினார். தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. நல்ல தேயிலை சாதாரண வீட்டு வாசலுக்கு வந்தது.

அப்புறமும் பேதம் போகவில்லை. வேறு பெயரில் வந்தது. 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா, ராத்திரிச் சாப்பாடுவரை பசி தாங்காமல் நாலு மணிக்கு டீயும் ரொட்டியும் கேட்க, அதுதான் 'ஆஃப்டர்நூன் டீ' ஆனது என்கிறார்கள். மில் தொழிலாளிக்கு அந்த நேரத்தில் ஏது ஓய்வு? ஆறு மணிக்கு வீடு திரும்பி, இறைச்சி, ரொட்டி, சீஸ் என்று வயிறாரச் சாப்பிட்டு, கூடவே டீயும் குடித்தார். அதன் பெயர்தான் 'ஹை டீ'. இன்றைக்கு நம் ஊர் நட்சத்திர ஹோட்டல்களில் ஆயிரக்கணக்கில் பில் போட்டுப் பரிமாறுகிறார்களே, அது பெயரளவில் தொழிலாளி வீட்டு ராச்சாப்பாடு!

பெண்களுக்கு டீ இன்னொரு கதவையும் திறந்தது. 1864ல் ஏரேட்டட் பிரெட் கம்பெனியும், 1894ல் லயன்ஸும் லண்டனில் டீக்கடைகளைத் தொடங்கின. ஆண் துணையின்றி ஒரு பெண் வந்து உட்கார, கௌரவமான இடம் கிடைத்தது. ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள் டீக்கடை மேஜைகளில் கூடித் திட்டம் போட்டார்கள்.

ஆக, சாவி எல்லோர் கைக்கும் வந்துவிட்டதா?

கொஞ்சம் பொறுங்கள். இத்தனை பேருக்கும் மலிவாக டீ எங்கிருந்து வந்தது? முதலில் சீனா. அதற்கு விலையாக வெள்ளி கொடுத்துக் கட்டுப்படியாகாமல், இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குள் தள்ளினார்கள். யுத்தமே வந்தது. அப்புறம் அஸ்ஸாம். அப்புறம் இலங்கை. 1869ல் பரவத் தொடங்கிய இலைநோயில் இலங்கையின் காபி அழிய, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. 1890ல் கிளாஸ்கோ மளிகைக்காரர் தாமஸ் லிப்டன் அங்கே தோட்டங்களை வாங்கி, பாக்கெட் போட்டு மலிவு விலையில் விற்றார்.

இலையைப் பறித்தவர்கள் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன நம் ஜனங்கள். கப்பல் செலவு, அரிசி, கம்பளி எல்லாமே கடன் கணக்கு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். இங்கிலீஷ் ஆவணங்களிலும் அதே தமிழ்ச் சொல்தான். 1921ல்தான் அந்த முறை ஒழிந்தது.

லண்டனில் தேயிலைப் பெட்டிக்குத்தான் பூட்டு. இங்கே தேயிலை பறித்தவருக்கே பூட்டு.

அதோடும் முடியவில்லை. 1948ல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ல் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டன. அப்படியும் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை தர 2003ல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது.

ராணியிடமிருந்து மில் தொழிலாளிவரை இறங்கி வந்த அந்தச் சாவி, இலையைப் பறித்தவர் கைக்குத்தான் கடைசியாக வந்து சேர்ந்தது.