லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், எந்த வேகத்தில்?

கார் வாங்கப் போகிறவர் எங்கட ஊரில் கேட்கிற முதல் கேள்வி "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பதுதான். நிறம், இருக்கை, ஏசி எல்லாம் அதற்குப் பிறகு. விற்கிறவரும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லுவார். அந்த எண்ணை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், எந்த வேகத்தில் அளந்தார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. சின்னக் கார்களின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால், அந்தக் கடைசிக் கேள்வியைச் சுற்றித்தான் அரசுகளும் கம்பனிகளும் தொண்ணூறு வருசமாக இழுபட்டுக்கொண்டிருக்கின்றன என்று தெரியவரும்.

முதலில் கொஞ்சம் பௌதிகம். (கலைப்பீடத்துக்காரர் பௌதிகம் கதைக்கிறார்கள் என்று சிரிக்க வேண்டாம், இது ஓ/எல் விஞ்ஞானம்தான்.) வேகமாகப் போகிற கார் தன் எரிபொருளில் பெரும் பங்கைக் காற்றை விலக்கவே செலவழிக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 80 கிலோமீற்றரில் போன கார் 100க்கு ஏறினால் வேகம் கூடியது கால் பங்குதான். ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் காற்றோடு மல்லுக்கட்டச் செலவாகிற சக்தி ஒன்றரை மடங்குக்கு மேலே போய்விடும். ரவுனுக்குள் நின்று நின்று ஓடும்போது பாரம்தான் எதிரி, அங்கே சின்னக் கார் சுலபமாக வெல்லும். நெடுஞ்சாலையில் முகப்பின் பரப்பும் உடம்பின் வடிவமும் முன்னுக்கு வந்துவிடும். நாலு பேர் நிமிர்ந்து இருக்கவேண்டிய குட்டைக் காரின் முகப்பு, பெரிய காரினதைவிட அப்படியொன்றும் சின்னதில்லை. உயரமான பெட்டி மாதிரி இருந்தால் இன்னும் மோசம். போதாததற்குச் சின்ன எஞ்சின் அந்த வேகத்தில் கத்திக்கொண்டு சுழலவேணும். அப்போதும் அது பெரிய காரைவிடக் குறைவாகத்தான் குடிக்கும், ஆனால் இடைவெளி சுருங்கிவிடும்.

வேகத்தையும் சிக்கனத்தையும் ஒரே காரில் தருவதாக ஓர் அரசே வாக்குக் கொடுத்த கதை ஜேர்மனியில் நடந்தது. 1934இல் பேர்டினண்ட் போர்ஷேயிடம் ஹிட்லரின் அரசு கேட்ட மக்கள் கார், புதிதாகப் போடப்படும் அவுட்டோபான் சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் இடைவிடாமல் ஓடவேண்டும், 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர் அளவில்தான் குடிக்கவேண்டும், விலை 1,000 ரைக்ஸ்மார்க்கைத் தாண்டக்கூடாது. எங்கட கணக்கில் லீற்றருக்கு 14 கிலோமீற்றர். 1938இலிருந்து சனம் கிழமைக்கு 5 மார்க் முத்திரை வாங்கிப் புத்தகத்தில் ஒட்டிச் சேமித்தார்கள். சேமித்தவர்கள் சுமார் 3,36,000 பேர். ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. தொழிற்சாலை யுத்தத்துக்குப் போனது, கட்டாய உழைப்பாளர்களை வைத்து இராணுவ வாகனங்கள் செய்தது. சேமித்தவர்கள் யுத்தத்துக்குப் பிறகு வழக்குப் போட்டு, 1961இல்தான் ஒரு சமரசம் வந்தது. அதுவும் புதுக் காரில் ஒரு கழிவு, இல்லாவிட்டால் சின்னத் தொகை காசு. அந்தக் கார்தான் பிறகு உலகம் முழுக்க ஓடிய பீட்டில். அந்தச் செல்லமான வண்டு முகத்தைப் பார்க்கும்போது முத்திரைப் புத்தகமும் ஞாபகம் வந்தால் நல்லது.

ஆனால் எண்களின் அரசியல் உண்மையில் சூடுபிடித்தது அமெரிக்காவில். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் ஒரு பீப்பாயின் விலை 3 டொலர் அளவிலிருந்து 12 டொலரை நெருங்கியது. பெற்றோல் செட்டுகளில் கியூ. (அந்தப் படங்களைப் பார்க்கும்போது 2022 ஞாபகம் வராத ஆள் எங்களில் இருக்க ஏலாது.) ஜனாதிபதி நிக்சன் நவம்பரில் முன்வைத்த யோசனை, கார்களுக்கு மணிக்கு 50 மைல், லொறிகளுக்கும் பஸ்களுக்கும் 55 மைல். கடைசியில் எல்லாருக்கும் 55, அதாவது 88 கிலோமீற்றர் என்று முடிவாகி, 1974 ஜனவரி 2ஆம் திகதி சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒத்துக்கொள்ளாத மாநிலத்துக்கு மத்திய அரசின் நெடுஞ்சாலைக் காசு வராது.

சனம் இதை எப்படி எடுத்தது என்பதற்கு மொன்டானா மாநிலம் போதும். காசை இழக்கவும் விருப்பமில்லை, மெதுவாகப் போகவும் விருப்பமில்லை. ஆகவே பகலில் 55ஐத் தாண்டினால் 5 டொலர் தண்டம், அதுவும் வேகக் குற்றத்துக்கு அல்ல, தட்டுப்பாடான வளத்தை வீணாக்கிய குற்றத்துக்கு! சட்டத்தைக் கடைப்பிடிக்காமல் கடைப்பிடிக்கும் கலையில் எங்கட ஆட்களுக்கு மட்டும்தான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தோம். மிச்சப்பட்ட எரிபொருளும் சில சதவீதத்துக்குள்ளேயே நின்றது. எதிர்பாராமல் கிடைத்தது வேறொன்று. 1973இல் அமெரிக்க வீதிகளில் செத்தவர்கள் 54,000க்கு மேல், 1974இல் 45,000 அளவு. ஓட்டம் குறைந்ததும் ஒரு காரணம், ஆனால் வேகம் குறைந்ததற்கும் அதில் பங்கு உண்டு. எண்ணெய்க்காகப் போட்ட சட்டத்தைப் பிற்காலத்தில் ஆதரித்தவர்கள் பெரும்பாலும் உயிரைச் சொல்லித்தான் ஆதரித்தார்கள்.

இந்த நெருக்கடியில்தான் ஹொண்டா சிவிக் மாதிரிச் சின்ன ஜப்பானியக் கார்களுக்குக் கதவு திறந்தது. அதே நேரத்தில் காரின் கண்ணாடியில் ஒட்டுகிற எண்ணும் பிறந்தது. சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் முதலில் நகர ஓட்டத்தை மட்டும் அளந்தது. 1975 மொடல்களிலிருந்து நெடுஞ்சாலைக்கென்று தனிச் சோதனை வந்தது. கார் வீதிக்குப் போவதில்லை. ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் ஏற்றி, ஓட்டுநர் திரையில் தெரிகிற கோட்டைப் பின்பற்றி 765 செக்கன் ஓட்டுவார். குடித்த பெற்றோலைக்கூட நேரே அளப்பதில்லை, புகையில் வருகிற காபனைப் பிடித்துக் கணக்குப் பார்ப்பார்கள். அந்த "நெடுஞ்சாலை"யின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்சமே 60 மைலைத் தாண்டாது. 55 மைல் சட்டம் இருந்த நாட்டுக்கு அது பொருத்தமான கோடு.

சட்டத்தை ஒருவரும் மதிக்காத நாட்டுக்கு அது பொருந்தவில்லை. கண்ணாடியில் உள்ள எண் தங்களுக்கு வருவதில்லை என்று சனம் முறைப்பட, 1985 மொடல்களிலிருந்து நகர எண்ணில் 10 சதவீதமும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதமும் வெட்டி ஒட்டத் தொடங்கினார்கள். பொய் எங்கே அதிகம் இருந்தது என்பதை அந்த 22 காட்டிக்கொடுக்கிறது. எங்களுக்குக் கோபம் வருகிற இடம் இதற்கு அடுத்தது. 1975 டிசம்பரில் கொண்டுவந்த சட்டம், ஒவ்வொரு கம்பனியும் விற்கிற கார்களின் சராசரி 1985இல் கலனுக்கு 27.5 மைலை எட்டவேணும் என்றது. அந்தக் கணக்குக்கு மட்டும் வெட்டப்படாத பழைய எண்ணே போதும்! வாங்குகிறவருக்கு ஓர் எண், கம்பனிக்கு இன்னோர் எண்.

இந்தப் போட்டியின் உச்சியில் வந்த கார்களில் ஒன்று 1990இன் ஜியோ மெற்றோ எக்ஸ்எஃப்ஐ. பெயர்தான் அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸினுடையது. உடம்பும் எஞ்சினும் சுசுக்கி, எங்கட ஒழுங்கைகளில் ஓடுகிற மாருதிகளின் சொந்தக்காரன். மூன்று சிலிண்டர், 1 லீற்றர் எஞ்சின், 49 குதிரைவலு. நெடுஞ்சாலையில் கலனுக்கு 58 மைல், அதாவது லீற்றருக்கு 24 கிலோமீற்றருக்கு மேல். இந்தளவு சிக்கனமான கார் கையில் இருக்க, அந்த நாடு அதை விட்டு ஜீப் மாதிரி உயரமான வாகனங்களின் பின்னால் போனது. பெற்றோல் மலிந்துவிட்டது. கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கு 1987இல் 65 மைல் அனுமதி வந்தது, 1995இல் தேசிய வேகக் கட்டுப்பாடே எடுபட்டது. 75 மைலில் காற்றுத் தடை 55இல் இருந்ததைவிட 86 சதவீதம் கூட. ஆனால் 60 மைலைத் தாண்டாத அந்தச் சோதனைக் கோடு மட்டும் கண்ணாடி எண்ணுக்கு அடிப்படையாக 2008 மொடல் வரை தனியே நின்றது. அதன் பிறகுதான் 80 மைல் வரை போகிற ஓட்டமும், ஏசி போட்ட ஓட்டமும், குளிரில் ஓட்டமும் கணக்கில் சேர்ந்தன. புது முறையில் பார்த்தால் மெற்றோவின் 58 ஐம்பதை ஒட்டி இறங்கிவிடுகிறது.

எங்களுக்குக் கிட்டின கதை ஜப்பானுடையது. அங்கே "கெய்" என்கிற சின்னக் கார் வகை 1949இலேயே சட்டத்தில் வந்துவிட்டது. எஞ்சின் அளவு 360 சிசியாக இருந்து, 1976இல் 550, 1990இல் 660 ஆனது. வரி குறைவு, ஒடுங்கிய தெருவுக்கு ஏற்ற உடம்பு. அதிவேகப் பாதைக்காக அது பிறக்கவில்லை என்று அரசுக்கே தெரியும்; 2000ஆம் ஆண்டு வரை அதிவேகப் பாதையில் கெய் கார்களுக்கு உச்ச வேகம் 80தான், மற்றக் கார்களுக்கு 100. சோதனையும் அதற்கேற்றது. 10-15 என்று சொல்லப்பட்ட பழைய முறையின் உச்சம் 70 கிலோமீற்றர். பிறகு வந்த ஜேசி08 முறையின் உச்சம் 82ஐக்கூடத் தொடாது, சராசரி 25க்குக் கீழே.

அந்த எண்ணையும் நேர்மையாக எடுத்தார்களா என்றால், 2016 பதில் சொன்னது. காரை வேகமாக ஓட்டி, கியரை நடுநிலையில் விட்டு, அது தானாக எவ்வளவு நேரத்தில் மெதுவாகிறது என்று அளந்துதான் காற்றுத் தடையையும் ரயர்த் தடையையும் கணிக்கவேணும். அந்தப் பெறுமானத்தைத்தான் பிறகு உருளைகளுக்குக் கொடுப்பார்கள். மிட்சுபிஷி 6,25,000 கெய் கார்களுக்கு இந்தத் தடையைக் குறைத்துக் காட்டியதை ஏப்ரலில் ஒத்துக்கொண்டது. அரசு மறுபடி அளந்தபோது கார்கள் விளம்பர எண்ணை எட்டவில்லை. அடுத்த மாதம் சுசுக்கியும், தான் விதித்த முறைப்படி அளக்கவில்லை என்றது. காரணம், அதன் சகாரா சோதனைத் தளம் கடலோரக் குன்றில் இருப்பதால் காற்று அதிகமாம்! மறுபடி அளந்தபோது எண்கள் குறையவில்லை என்றும் சுசுக்கி சொன்னது. இருக்கலாம். ஆனால் காற்றுத் தடையை அளக்கப் போய்க் காற்று இடைஞ்சல் பண்ணிவிட்டது என்று முறைப்படுவதை வாசித்துச் சிரிக்காமல் இருக்க எங்களால் முடியவில்லை.

இந்தக் கார்கள்தான் எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி போடுகிற எங்கட நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கின. 2017 வகன் ஆர் ஹைபிரிட்டின் ஜேசி08 எண் லீற்றருக்கு 33.4. 82க்கு மேல் போகாத ஆய்வுகூடத்து எண்ணைக் கேட்டு வாங்கி, உயரமான பெட்டி போன்ற அந்தக் காரை, 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் ஓட்டிவிட்டு, "மெக்கானிக் என்னவோ பிழை விட்டுட்டான்" என்று ஏசுகிறவர்கள் கனபேர். மெக்கானிக் பாவம். ஏ9இல் 70க்குள் போகிறவருக்கு அதே கார் நல்லபடியாகத்தான் கொடுக்கிறது.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஆஸ்பத்திரிக்கோ விசாவுக்கோ போகவேண்டியவர்கள் போட்ட கணக்கு இதுதான்: ஒரு வழி சுமார் 400 கிலோமீற்றர், போய்வர 800. விளம்பர எண்ணை அப்படியே நம்பினாலும் 20 லீற்றர் 668 கிலோமீற்றருக்குத்தான் காணும். திரும்பி வரும்போது வவுனியாவடியில் கார் நிற்கும். கொஞ்சம் வேகமாக மிதித்து லீற்றருக்கு 25 என்று விழுந்தால், நிற்கிற இடம் குருநாகல்.