வீட்டிலிருந்து டொலர் உழைப்பு: மெய்நிகர் உதவியாளர் அறிய வேண்டியவை

வெளிநாட்டு வணிகர்களின் மின்னஞ்சல், சந்திப்பு நேரங்கள், கணக்குப் பதிவுகளை இணையம் வழியாகக் கவனித்துக் கொடுப்பவரே மெய்நிகர் உதவியாளர். பிள்ளைகளையோ முதியோரையோ தனியே விட்டுச் செல்ல முடியாத பெண்களுக்கும், போரில் உடல் உறுப்புகளை இழந்தோருக்கும் இத்தொழில் ஒரு வழியாகலாம். ஆனால் பேசிய டொலர் முழுவதும் கைக்கு வருவதில்லை.

பைவர் தளம் 20 வீதத்தைக் கழித்துக்கொள்கிறது. 100 டொலர் வேலைக்கு 80 டொலரே மிஞ்சும். வேலை தேடும் நேரத்துக்குக் கொடுப்பனவு இல்லை. இணையம், மின்சாரம், கணினி திருத்தும் செலவுகளும் நம்முடையவையே. குளிர்காலத்தில் இலண்டனில் மாலை 5 மணியாகும்போது இங்கு இரவு 10.30 ஆகிவிடும்.

தொழில்தருநர் ஒருவர் இல்லாததால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் செலுத்தும் 12 வீதமும் கிடையாது. நோய்க்கும் முதுமைக்குமான சேமிப்பை மாதந்தோறும் நாமே ஒதுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இவ்வாறான வெளிநாட்டு நாணய வருமானத்துக்கும் வரி உண்டு. எனினும் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு உள்ளது.

புதிய வாடிக்கையாளரிடம் ஒரு பகுதியை முற்பணமாகப் பெற்ற பின் வேலையைத் தொடங்குங்கள். வேலை தருவதாகக் கூறிப் பதிவுக் கட்டணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.