டைகர் மாத் விமானத்தில் வான்சாகசம்

டைகர் மாத், பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம். 1931 அக்டோபர் 26 அன்று ஸ்டாக் லேன் திடலில் முதன்முதலாகப் பறந்தது. 8,000க்கும் மேல் கட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் ஆயிரக்கணக்கானோர் வானில் முதல் கரணம் அடித்தது இதில்தான்.

130 குதிரைத்திறன் ஜிப்சி மேஜர் எஞ்சினின் முழு விசையிலும் இது மணிக்கு 110 மைலை எட்டுவது அரிது. செங்குத்துக் கரணத்துக்கோ ஏறக்குறைய 120 மைல் வேண்டும். ஆகவே மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்து வேகம் சேர்த்த பிறகே கட்டுப்பாட்டுத் தண்டை இழுக்க வேண்டும். உருட்டும் எலிரான்கள் கீழ் இறக்கையில் மட்டுமே இருப்பதால் உருளல் மந்தமாகவே நடக்கும். சுக்கானைக் காலால் சரிவர மிதிக்காவிட்டால் மூக்கு திசை மாறும். தவறை மறைக்காத இந்தக் குணமே இதைச் சிறந்த ஆசானாக்கியது. சாகசத்துக்கு முன் மேல் இறக்கையின் முன்விளிம்புத் தகடுகளை நெம்புகோலால் பூட்டுவது கட்டாயம்.

தலைகீழ்ப் பறப்புதான் இதன் வரலாற்றில் சுவையான பகுதி. பெட்ரோல் தொட்டி மேல் இறக்கையின் நடுவில் இருக்கிறது. எரிபொருள் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்குகிறது. விமானம் கவிழ்ந்தால் வரத்து நின்று, எஞ்சின் இருமி அடங்கிவிடும். மெதுவான உருளலின் பாதியை விமானி எஞ்சின் துணையின்றிச் சறுக்கியே கடக்க வேண்டும். தனி எரிபொருள் அமைப்பு பொருத்தினால் இத்தடை நீங்கும். அப்படிப்பட்ட டைகர் மாத் ஒன்றில் விமானி ஜெஃப்ரி டைசன் 1934இல் ஆங்கிலக் கால்வாயைத் தலைகீழாகவே கடந்தார். கால்வாயை விமானத்தில் முதலில் கடந்த பிளேரியோவின் பறப்புக்கு அது 25ஆம் ஆண்டு. நார்மன் ஜோன்ஸ் தொடங்கிய டைகர் கிளப் என்னும் பறப்புச் சங்கமும் நான்கு விமானங்களை இவ்வகையில் மாற்றியது. கிளப்பின் சாகச விமானி சி. நெப்பியன் பிஷப்பின் பெயரையொட்டி அவற்றுக்கு ஆர்ச்பிஷப், பிஷப், டீக்கன், கேனன் என்று திருச்சபைப் பதவிகளே பெயர்களாயின. பறக்கும் இயந்திரங்களுக்கு இதைவிடக் குறும்பான பெயர்வரிசை கிடைப்பது கடினம்.

சுழல்வீழ்ச்சியிலிருந்து மீள உதவ, போரின்போது வால் அருகே நீள்தகடுகள் சேர்க்கப்பட்டன. கூடுதல் எடையால் வந்த தொல்லைக்குச் செய்த ஏற்பாடு அது. எடை குறைந்த விமானத்துக்கு அவை தேவையில்லை.

இந்திய விமானப்படையில் 1950களில் எச்டி-2 பயிற்சி விமானம் டைகர் மாத்தின் இடத்தைப் பிடித்தது. புதுப்பிக்கப்பட்ட ஒரு டைகர் மாத் 2012இல் ஹிண்டனில் நடந்த விமானப்படை தின விழாவில் பறந்தது. ஆஸ்திரேலியாவில் 2013இல் சாகசத்தின்போது உடற்கூட்டின் குறுக்கு இணைப்புக் கம்பிகள் உலோகச் சோர்வால் முறிந்து, இறக்கை பிரிந்து இருவர் இறந்தனர். அந்தக் கம்பிகள் அசல் உதிரிகள் அல்ல.