மணமில்லாத வாயுவும் திறக்காத கதவும்

சமையலறையில் கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறும் அந்த வாடை எல்லோருக்கும் தெரியும். "கேஸ் நாத்தம் வருதே, அடுப்பைப் பாரு" என்று வீட்டில் யாராவது ஒருவர் உடனே குரல் கொடுப்பார். ஆனால் அந்த நாற்றம் கேஸுக்குச் சொந்தமானது இல்லை. சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்கு ஏறக்குறைய மணமே கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு வேண்டுமென்றே அதில் கலக்கிறார்கள். கசிந்தால் தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

வாயுவில் நாற்றம் சேர்க்கும் யோசனை 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. யோசனையாக மட்டும் இருந்த அது சட்டமாக மாறியதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிழக்குப் பகுதியில் நியூ லண்டன் என்று ஒரு சின்ன ஊர். 1930-இல் அந்த வட்டாரத்தில் பெட்ரோல் கிணறுகள் கண்டுபிடிக்கப்பட்டன. நாடு முழுவதும் வேலையில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், இந்த ஊரில் மட்டும் பணம் புரண்டது. எண்ணெய் வரியில் எஃகுச் சட்டம் போட்ட பெரிய பள்ளிக்கூடம் எழும்பியது. அமெரிக்காவிலேயே பணக்காரக் கிராமப்புறப் பள்ளிகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய பள்ளி அது.

இவ்வளவு பணம் இருந்தும் இரண்டு இடத்தில் சிக்கனம் பார்த்தார்கள். கட்டடத்துக்கு நீராவி மூலம் வெப்பம் தரும் கொதிகலன் போடுவதற்குப் பதிலாக, அறைகளில் தனித்தனியாக கேஸ் ஹீட்டர்களை வைத்தார்கள். மொத்தம் 72 ஹீட்டர்கள். பிறகு 1937 தொடக்கத்தில், காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த எரிவாயுவையும் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் கழிவு வாயு போகும் குழாய் இருந்தது. பெட்ரோல் எடுத்தபின் மிஞ்சும் அந்த வாயுவை நிறுவனங்கள் வீணாகத்தான் கொளுத்திக்கொண்டிருந்தன. அந்தக் குழாயில் ஓர் இணைப்புப் போட்டு இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் வீடுகள், சர்ச்சுகள் எல்லாம் இப்படித்தான் செய்துகொண்டிருந்தன. பள்ளிக்கு மிச்சமானது மாதம் சுமார் 300 டாலர்.

அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சரிவான நிலத்தில் கட்டிய கட்டடம் என்பதால் தரைக்கு அடியில் நீளமான வெற்றிடம் ஒன்று இருந்தது. குழாயில் எங்கேயோ கசிந்த வாயு அங்கே போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. மாணவர்கள் தலை வலிக்கிறது என்று சொன்னார்கள். தலைவலி என்று சொல்லும் பள்ளிப் பிள்ளையை யார் நம்புவார்கள்?

1937 மார்ச் 18, வியாழக்கிழமை. மறுநாள் விடுமுறை. சின்ன வகுப்புப் பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தள்ளியிருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பள்ளி விட இன்னும் சில நிமிடங்களே இருந்தன. பிற்பகல் மூன்றே கால் அளவில், தொழிற்கல்வி ஆசிரியர் மரம் இழைக்கும் மின்கருவி ஒன்றை இயக்கினார். ஒரு பொறி பறந்தது. கட்டடத்தின் கூரை மேலே தூக்கி எறியப்பட்டு மறுபடி கீழே விழுந்தது. காங்கிரீட் பாளம் ஒன்று பறந்துபோய்த் தூரத்தில் நின்ற கார் மீது விழுந்து அதை நசுக்கியது. கூட்டத்துக்கு வந்திருந்த தாய்மார்கள்தான் முதலில் ஓடி வந்தவர்கள்.

இறந்தவர்கள் சுமார் 300 பேர். பெரும்பாலும் மாணவர்கள், மீதிப் பேர் ஆசிரியர்கள். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் கனரக எந்திரங்களோடு வந்து இரவெல்லாம் மழையில் இடிபாடுகளை அகற்றினார்கள். தங்கள் பிள்ளைகளையே தேடியவர்கள் அவர்களில் பலர். பக்கத்து நகரமான டைலரில் மறுநாள் திறப்பு விழா வைத்திருந்த மருத்துவமனை, விழாவை விட்டுவிட்டு அன்றே கதவைத் திறந்தது. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு கரும்பலகை கிடைத்தது. எண்ணெயும் எரிவாயுவும் இந்த மண்ணுக்குக் கிடைத்த பெரிய வரம், அவை இல்லாவிட்டால் இந்தப் பள்ளியே இல்லை என்ற பொருளில் அதில் பாடம் எழுதியிருந்தது. (கதாசிரியர் யாராவது இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம்.)

நீதிமன்றம் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே டெக்சாஸ் சட்டமன்றம் எரிவாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பொறியாளர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது. நாற்றம் சேர்க்கும் வழக்கம் பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "எல்லோரும் எச்சரிக்கையாக இருங்கள்" என்று அது சொல்லவில்லை. "மாதம் ஒருமுறை குழாயைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்றும் சொல்லவில்லை. எச்சரிக்கையை வாயுவுக்குள்ளேயே வைத்துவிட்டது. தலைமையாசிரியர் மறந்தாலும், ஆய்வாளர் வராவிட்டாலும், குழாய் கசிந்தால் நாற்றம் வரும்.

கதவின் கதையும் இதே மாதிரிதான். இது இன்னும் பழையது. இங்கிலாந்தில் சண்டர்லேண்ட் நகரத்து விக்டோரியா அரங்கில் 1883 ஜூன் 16 அன்று குழந்தைகளுக்காக மந்திர வித்தைக் காட்சி. சுமார் 2,000 குழந்தைகள் வந்திருந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் மிகக் குறைவு. காட்சி முடியும்போது மேடையிலிருந்து பரிசுப் பொருள்களைக் கீழே இருந்த குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று மாடியில் இருந்தவர்கள் படியில் இறங்கி ஓடினார்கள். படியின் அடியில் இருந்த கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அதைத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்கள். டிக்கெட் சரிபார்க்க வசதியாக இருக்கும் என்று அப்படிச் செய்திருக்கலாம் என்கிறார்கள். முன்னால் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் 183 பேர். மூன்று வயதிலிருந்து பதினான்கு வயது வரை. அங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை.

அதன்பிறகு பொது அரங்குகளில் போதுமான வாசல்கள் வேண்டும், கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்று பிரிட்டனில் விதிகள் வந்தன. அதே சண்டர்லேண்டில் பிறந்த ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892-இல் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும். இன்று மல்டிப்ளெக்ஸ் தியேட்டர்களில் அவசர வழிக் கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி இருக்குமே, அந்த வகைத் தாழ்ப்பாள்தான். சாவி தேவையில்லை. பதற்றத்தில் கைப்பிடி எங்கே என்று தேடவும் தேவையில்லை. கூட்டம் தள்ளுவதே கதவைத் திறக்கும். எந்தத் தள்ளுமுள்ளு குழந்தைகளைக் கொன்றதோ அதையே சாவியாக்கிவிட்டார்கள்.

காகிதத்தில் மட்டும் இருக்கும் விதி என்ன செய்யும் என்பதற்கு சிகாகோ உதாரணம். அங்கே அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் என்ற பள்ளியில் 1958 டிசம்பர் 1 அன்று தீப்பிடித்து 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கட்டடம் தீயணைப்புத் துறையின் சோதனையில் தேறியிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. 1949-இல் வந்த பாதுகாப்பு விதி புதுக் கட்டடங்களுக்கு மட்டும்தான், பழைய கட்டடங்களுக்கு விலக்கு. தானாக நீர் தெளிக்கும் கருவி இல்லை, படிக்கட்டைத் தடுக்கும் கதவு இல்லை, பள்ளியின் மணி தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்படவில்லை. எல்லாமே சட்டப்படி சரி! இந்த விபத்துக்குப் பிறகுதான் பழைய பள்ளிகளையும் விதிக்குள் கொண்டுவந்தார்கள். அதன்பின் இந்த அளவுக்குப் பெரிய பள்ளித் தீ விபத்து அமெரிக்காவில் நடக்கவில்லை. (அங்கே பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச் சூடு வேறு கதை. அதற்கு ஒரு நாற்றத்தையோ கம்பியையோ இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.)

இந்த மூன்று விபத்துகளிலும் கிடைத்த பாடங்கள் எல்லாம் அச்சில் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகுதான் கும்பகோணம் நடந்தது.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் ஒரே நிர்வாகத்தின் மூன்று பள்ளிகள். மதிய உணவு சமைக்கும் இடத்துக்குக் கீற்றுக்கூரை. மாடியில் சின்னக் குழந்தைகளின் வகுப்புகளுக்கும் கீற்றுக்கூரை. காலையில் சமையல் நடக்கும்போது அடுப்புத் தீ கூரையில் பற்றி, அங்கிருந்து மாடிக் கூரைக்குத் தாவியது. காய்ந்த கீற்று எப்படி எரியும் என்று கிராமத்தில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிகிற மூங்கிலும் கீற்றும் குழந்தைகள் மேலேயே விழுந்தன. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள்.

நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை கொடுத்து 11 பேரை விடுவித்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையைக் குறைத்து, வேறு சிலரை விடுவித்தது. இதற்கிடையில், இந்த விபத்தையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்வி உரிமை என்பதில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது. கட்டடம் பாதுகாப்பானது என்று உறுதி செய்யாமல் பள்ளிக்கு அங்கீகாரம் தரக்கூடாது, தீயணைப்பான்கள் வைக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த உத்தரவில் பாதி, யாரோ ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் வந்து உண்மையாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மட்டுமே வேலை செய்யும். சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரில் மறுபடி நிரப்ப வேண்டிய தேதி எழுதியிருக்கும். அந்தத் தேதியை எத்தனை பள்ளிகளில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் உண்மையில் பலன் தந்தது என்று சொன்னால் அது வேறொன்று. பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்று அரசு சொல்லி, மாநிலம் முழுக்கக் கூரைகளைப் பிரித்தார்கள். ஓடோ, தகரமோ, காங்கிரீட்டோ போட்டார்கள். தகரத்தின் கீழ் மே மாதத்தில் உட்கார்ந்து படிப்பது கொடுமை. கீற்று குளிர்ச்சியாக இருந்தது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் தகரத்தில் அடுப்புப் பொறி விழுந்தால் அது அங்கேயே அணைந்துவிடும். ஆய்வாளர் வந்தாரா என்று கேட்டுக்கொண்டிருக்காது.

படிக்கட்டின் கதை அப்படி இல்லை. கூரையை ஒரே நாளில் பிரித்துவிடலாம், குறுகலான படியை அகலப்படுத்தச் சுவரை இடிக்க வேண்டும். இரண்டாவது வாசல் வைக்கப் பக்கத்து மனையை வாங்க வேண்டும். நெருக்கமான தெருக்களில் இருக்கும் பழைய பள்ளிகளில் இன்றும் அதுதான் சிக்கல். பாதுகாப்புக்காக என்று சொல்லிப் பள்ளி நேரத்தில் கேட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் இடுப்பில் வைத்திருக்கும் வழக்கமும் இருக்கிறது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, பிள்ளைகள் வெளியே ஓடக்கூடாது என்ற கவலை நியாயமானதுதான். பிரிக்ஸின் தாழ்ப்பாள் இந்த இரண்டில் முதல் கவலைக்குப் பதில் சொல்லி 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டாவதற்கு, கதவு திறந்தால் மணி அடிக்கும்படி செய்துவிடலாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16 அன்று காலையில் காசிராமன் தெருவில் அந்தக் கட்டடத்தின் முன்பு பெற்றோர்கள் கூடுகிறார்கள். இறந்த பிள்ளைகளின் படங்களை வைத்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். சிலர் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தையும் கொண்டுவந்து படத்தின் முன் வைக்கிறார்கள். படத்தில் இருக்கும் முகங்களுக்கு இன்னும் அதே வயதுதான்.