தீவனமா, வம்சமா? ரோகு மீன் வளர்ந்த கதை

சென்னையில் ரோகு, கட்லா வாங்குபவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதில் பெரும்பகுதி ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது. கொல்லேறு ஏரியைச் சுற்றி, கிருஷ்ணா, கோதாவரி மாவட்டங்களின் குளங்களில் வளர்ந்தவை. ஒரு மீன் சீக்கிரம் எடை போடுவதற்குக் காரணம் அது தின்ற தீனியா, அதன் அப்பன் ஆத்தாளா? கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோகு விஷயத்தில் இதைப் பிரித்துப் பார்க்கவே பல வருஷம் ஆகியிருக்கிறது. அந்த வரலாற்றைப் படித்தபோது எடுத்த குறிப்புகள் இவை.

1957க்கு முன்னால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ரோகு தேங்கிய குளத்தில் முட்டையிடாது. மழைக்காலத்தில் ஆற்றில் வலை விரித்துக் குஞ்சு பிடித்து வருவார்கள். யார் குஞ்சு, எந்த வம்சம் என்று யாருக்குத் தெரியும்? அந்த வருஷம் ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவில், ஹீராலால் சௌத்ரி குழுவினர் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு, வளர்ப்புக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். இன்றும் அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ஊசி வந்ததும் ஆற்றை நம்ப வேண்டியதில்லை என்றாகிவிட்டது. குஞ்சு பொரிப்பகங்கள் பெருகின. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ரோகு ஒரு கிலோ உடல் எடைக்கு 2 லட்சம் முட்டை வரை போடும். மாடு வளர்ப்பவருக்கு நிறையப் பசுக்கள் வேண்டும். மீன் பொரிப்பகம் நடத்துபவருக்கோ பத்துப் பன்னிரண்டு தாய் மீன் இருந்தாலே சீசன் முழுக்க வியாபாரம் ஓடும். அடுத்த தலைமுறைத் தாய் மீனையும் அதே குஞ்சுகளிலிருந்தே எடுத்துக்கொள்வார். அண்ணன் தங்கை, சித்தப்பா மகள் என்று உறவுக்குள்ளேயே கல்யாணம்!

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் அம்பேகர் ஏக்நாத். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் டாயிலோடு சேர்ந்து கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்தார். 1990இல் வந்த அவர்கள் கட்டுரைப்படி, உட்கலப்பு ஒரு தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை கூடிக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவை இரண்டு சேர்ந்தால் பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு 25 சதவீதம், அப்பா மட்டும் ஒன்று என்றால் 12.5. இதோடு ஒப்பிட்டால் 17 எவ்வளவு மோசம் என்று புரியும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களுடைய 1985ஆம் வருஷக் கட்டுரை. குளத்தில் வேகமாக வளரும் மீன் முதலில் விற்பனை எடையைத் தொடும், முதலில் சந்தைக்குப் போகும். மிச்சம் இருப்பதில் தாய் மீனைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? மெதுவாக வளர்பவைதான் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் நடப்பதும் தேர்வுதான், தலைகீழான தேர்வு.

அப்படியானால் ஆந்திராவில் விளைச்சல் ஏன் ஏறிக்கொண்டே போனது? தீவனம்தான். அங்கே பழைய உரச்சாக்கில் ஓட்டை போட்டு, தவிடும் கடலைப் புண்ணாக்கும் நிரப்பி, குளத்தில் நட்ட கம்பங்களில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன் வந்து ஓட்டையில் வாய் வைத்து இழுத்துத் தின்னும். தீனி வீணாவது குறைவு. சாக்கு எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று பார்த்தே பசியைக் கணிக்கலாம். என்ன அருமையான சென்சார்!

இன்னொரு உத்தியும் உண்டு. குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, அரை வயிற்றுக்குத் தீனி போட்டு, ஒரு வருஷம் குன்ற வைப்பார்கள். 100, 150 கிராமில் நிற்கும் அதைப் பெரிய குளத்தில் விட்டு நன்றாகத் தீனி போட்டால், விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் வளரும். இந்த வேகம் வம்சத்தில் வந்ததில்லை, பட்டினிக்குப் பின் வரும் ஈடுகட்டு வளர்ச்சி. என் ஊகம் இதுதான்: சாக்கும் இந்தக் குன்ற வைத்தலும் கொடுத்த விளைச்சல், அடியில் வம்சம் தேய்ந்துகொண்டிருந்ததை மறைத்துவிட்டது. மெமரி லீக் உள்ள புரோகிராமுக்கு ரேம் வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பது மாதிரி.

இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலை 1992இல் புவனேஸ்வர் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தில் தொடங்கியது. நார்வேயின் அக்வாஃபோர்ஸ்க் கூட்டுச் சேர்ந்தது. சால்மனில் குடும்பவாரியான தேர்வை 1970களிலேயே செய்து காட்டியவர்கள் அவர்கள். கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவும் நிறுவனத்தின் பண்ணை ரோகுவும் அடித்தளம். ஒவ்வொரு குடும்பத்தின் குஞ்சையும் தனியாக வளர்த்து, ஓரளவு பெரிதானதும் உடலுக்குள் அரிசி அளவு சிப் செலுத்தி, எல்லாவற்றையும் ஒரே குளத்தில் கலந்து விட்டார்கள். அதே தண்ணீர், அதே தீனி. அப்புறமும் எடை வித்தியாசப்பட்டால் தீவனத்தைக் குறை சொல்ல முடியாது இல்லையா?

தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீத முன்னேற்றம் கிடைத்தது. கூட்டு வட்டி போல நான்கு தலைமுறைக்குப் போட்டுப் பாருங்கள், 1.9 மடங்கு வரும். சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி 1997இல் வெளிவந்ததால் 'ஜெயந்தி' ரோகு என்று பெயர் வைத்தார்கள்.

வம்சம் ஜெயித்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வேகமாக வளரக்கூடிய மீனுக்கு அதற்கேற்ற புரதம் வேண்டும். வளரும் ரோகுவுக்குத் தீவனத்தில் 30 சதவீதம் வரை புரதம் தேவைப்படும். எண்ணெய் எடுத்த தவிட்டில் அதில் பாதிதான் இருக்கும், லைசின் போன்ற அமினோ அமிலங்களும் போதாது. தவிட்டுச் சாக்கை மட்டும் நம்பும் குளத்தில் ஜெயந்தியை விட்டால் முழுப் பலனும் வராது.

அதைவிடச் சங்கடம், ஜெயந்திக்கும் சாதாரண ரோகுவுக்கும் தோற்றத்தில் வேறுபாடு கிடையாது. ஆக்ஸிஜன் அடைத்த பாலித்தீன் பையில் ஆயிரக்கணக்கில் நீந்தும் குஞ்சைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஒரு பொரிப்பகம் நல்ல தாய் மீனை ஒருமுறை வாங்கி, பிறகு பழையபடி சொந்தக் குஞ்சிலிருந்தே பத்துப் பன்னிரண்டைத் தாயாக்கிக்கொண்டு போனால், பையில் 'ஜெயந்தி' என்ற பெயர் அப்படியே இருக்கும். ஏக்நாத் கர்நாடகத்தில் போட்ட கணக்கு உள்ளே மறுபடியும் ஓட ஆரம்பிக்கும்.