தட்டுகள் சுழன்ற காலம் – 17: பிரித்துப் பூட்டிய பியானோ

கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் தயாரிப்பாளர் மிட்ச் மில்லரை என்னால் மன்னிக்க முடிந்ததே இல்லை. ஃபிராங்க் சினாட்ராவையே 1951-இல் நாய்க் குரைப்புக்கு நடுவே பாட வைத்த மனிதர் அவர். ஆனால் 1958 மார்ச்சில் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட ‘ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ அவர் யோசனைதான். அந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுமுன் அந்த ஜானியைப் பார்த்துவிடுவோம்.

ஜானி மாத்திஸ் வளர்ந்தது சான் பிரான்சிஸ்கோவில், ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில். அப்பா கிளெம், ஒருகாலத்தில் வாடெவில் மேடைகளில் பாடியவர். மகனுக்கு எட்டு வயதானபோது 25 டாலருக்கு ஒரு பழைய பியானோ வாங்கி வந்தார். அது வாசலில் நுழையவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அதைக் கழற்றி, துண்டு துண்டாக உள்ளே தூக்கிப்போய், மறுபடி பூட்டினார். பையன் தூங்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

13 வயதில் கோனி காக்ஸ் என்ற ஆசிரியை வாய்த்தார். சம்பளம் கொடுக்க வழியில்லை. அவர் வீட்டில் எடுபிடி வேலை செய்துதான் பாடம். ஆறு வருஷம் சுரவரிசை, குரல் பயிற்சி, ஆபரா. மாத்திஸ் மேல்சுரத்துக்குப் போய், அங்கேயே நின்றபடி குரலை நூலிழையாக மெலியவிடுவாரே, அதெல்லாம் அந்த வீட்டில் விளைந்தது. கம்பெனிக்காரர்களைக் கொண்டாடுகிறவர்கள் காக்ஸ் அம்மாளை ஒரு வரியில் கடந்துவிடுவது அநியாயம்.

உயரம் தாண்டுவதிலும் மாத்திஸ் சூரர். கல்லூரி நாட்களில் 6 அடி 5½ அங்குலம் தாண்டியிருக்கிறார்! 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அதே சமயத்தில் ஒலிப்பதிவுக்கு வரச்சொல்லி நியூயார்க்கிலிருந்து கொலம்பியாவும் கூப்பிட்டது. அப்பாவிடம் யோசனை கேட்டார். பியானோவைப் பிரித்துப் பூட்டியவர் வேறென்ன சொல்வார்? மகன் நியூயார்க் போனார்.

ஜாஸ் பாணியில் வந்த முதல் ஆல்பம் சரியாகப் போகவில்லை. மில்லர் ஜாஸை ஓரங்கட்டி, மெதுவான காதல் பாட்டுகளைக் கொடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்கு தப்பவில்லை. 1957-இல் ‘சான்சஸ் ஆர்’ முதலிடத்துக்கே போனது.

மறு வருஷம் மாத்திஸ் வெளியூர்க் கச்சேரிகளில் இருந்தார். புது ஆல்பத்துக்குப் பாட்டு இல்லை. பெரும்பாலும் சிறு தட்டுகளாக ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த பாட்டுகளையே எடுத்து, மொத்தம் 12 பாட்டுகளோடு ஒரே எல்.பி.யாக்கினார்கள். அந்த ‘ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ பில்போர்டு பட்டியலில் 490 வாரம் நின்றது.

அதே மார்ச்சில் ஆர்.சி.ஏ. கம்பெனியும் எல்விஸின் ஹிட் பாட்டுகளைத் திரட்டி ஒரு தொகுப்பு போட்டது. அந்தப் போட்டி அடுத்த வாரம்.